அப்படியே வெச்சுக்குங்க, ஐயா!

கோர்ட் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சினிமா கோர்ட்தான். சுத்தியலைத் தட்டி 'ஆர்டர், ஆர்டர்' என்பார் நீதிபதி. கூண்டில் நிற்கும் ஹீரோ பத்து நிமிஷம் மூச்சு விடாமல் வசனம் பேசுவார். எதிர்க்கட்சி வக்கீல் வாயடைத்துப் போவார். பின்வரிசையில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

நிஜக் கோர்ட்டில் சாமானிய மனிதனுக்கு இந்தப் பாக்கியம் எல்லாம் கிடைப்பதில்லை. அவனுக்குக் கிடைப்பது பெட்டி கேஸ். (என் நண்பன் ஒருவன், அது ஏதோ சூட்கேஸ் திருட்டு சம்பந்தப்பட்ட வழக்கு என்று காலேஜ் முடிக்கும்வரை நம்பிக்கொண்டிருந்தான்.) ரோட்டோரம் கடை போட்டது, குடித்துவிட்டுத் தெருவில் சத்தம் போட்டது, பொது இடத்தில் அசிங்கம் செய்தது மாதிரி சில்லறைச் சமாச்சாரங்கள். நம் அப்பாக்கள் காலத்தில் லைட் இல்லாத சைக்கிளும் டபுள்ஸ் போவதும் இந்த லிஸ்டில் முதலிடம் பிடித்தவை.

வசனத்துக்கெல்லாம் நேரம் இல்லை. பெயரைக் கூப்பிடுவார்கள். போய் நிற்க வேண்டும். ஒரு கேள்வி, ஒரு 'ஆமாம் ஐயா', ஒரு தொகை. அடுத்த பெயர். டம்ளரில் வாங்கி வைத்த காபி ஆறுவதற்குள் பத்துப் பேர் குற்றவாளி ஆகிவிடுவார்கள்.

இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? யார் கண்டுபிடித்த மெஷின் இது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. பி.காம். சட்டம் என்று படித்தது 'மெர்க்கன்டைல் லா' என்று ஒரே ஒரு பேப்பர். அதுவும் சாய்ஸில் விட்டது போகத்தான். இருந்தாலும் இந்தச் சில்லறை வழக்குகள் மேல் எனக்கு ஒரு கண். காரணம், இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பணத்தை நாளாக மாற்றும் கணக்கு. நம் டிபார்ட்மென்ட் ஆயிற்றே!

இ.பி.கோ. என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். 1837-ல் மெக்காலே வரைவு எழுதி, 1860-ல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்து, 2024 ஜூன் 30 நள்ளிரவு வரை நம்மை ஆண்ட இந்திய தண்டனைச் சட்டம். எல்லோருக்கும் 302-ம் 420-ம் தெரியும். எனக்குப் பிடித்தது 67. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்குக் காசு கட்டவில்லை என்றால் எத்தனை நாள் உள்ளே வைக்கலாம் என்ற ரேட் கார்டு அது. அபராதம் 50 ரூபாய்க்குள் இருந்தால் 2 மாதம் வரை. 100 ரூபாய்க்குள் இருந்தால் 4 மாதம் வரை. அதற்கு மேல் எத்தனை ஆயிரம் ஆனாலும் 6 மாதம் வரை. அதாவது பெரிய தொகை பாக்கி வைத்தவனுக்கு நல்ல டிஸ்கவுன்ட்! இந்த வழக்கத்தை நம் பேங்குகள் எங்கிருந்து கற்றுக்கொண்டன என்று இப்போது புரிகிறதா?

அடுத்து வருகிற 69-வது பிரிவு இன்னும் ஜோர். பாதிப் பணம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டமே ஓர் உதாரணக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தது. ஒருவனுக்கு 100 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் 4 மாதம் சிறை. முதல் மாதம் முடிவதற்குள் 75 ரூபாய் கட்டிவிட்டான். எப்போது வெளியே வருவான்? முதல் மாதம் முடிந்ததும் வரலாம். முக்கால்வாசிப் பணத்துக்கு முக்கால்வாசி மாதம் கழிவு. பத்தாம் வகுப்பு விகிதாசாரக் கணக்கு. விடை சரி, முழு மார்க்.

கணக்கு சரிதான். ஆனால் இதைப் படித்த அன்று ராத்திரி எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. 50 ரூபாய் கையில் இருப்பவனுக்கு அது அபராதம். இல்லாதவனுக்கு அதுவே ஜெயில். ஒரே குற்றம், ஒரே தீர்ப்பு, ஒரே வரி. இரண்டு மாதம் உள்ளே இருப்பவன் உண்மையில் எதற்காக இருக்கிறான்? தப்புச் செய்ததற்காக இல்லை. அந்தத் தப்பைச் செய்துவிட்டு 50 ரூபாயோடு வந்து நின்றவன் வீட்டுக்குப் போய்விட்டானே!

அந்தக் காலத்து ரூபாயின் கனத்தையும் சேர்த்துப் பாருங்கள். குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்தால் 510-வது பிரிவின்படி 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 10 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1860-ல் 10 ரூபாய் என்பது கூலிக்காரன் ஒரு மாதம் முழுக்க முதுகொடிய வேலை செய்தாலும் கண்ணில் பார்க்காத தொகை. அந்தப் பத்தை யாரும் திருத்தவே இல்லை. 160 வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்து, கடைசியில் அது ஒரு டீ விலைக்கு வந்து நின்றது.

சரி, இந்த ரேட் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னது யார்?

அடிமட்டத்தில் இருந்து பார்ப்போம். சென்னை ராஜதானியில் 1816-ல் ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டார்கள். 11-ம் எண். ஊர்த் தலைவராக இருந்த மணியக்காரருக்கே சின்ன தண்டனை கொடுக்கும் அதிகாரம். திட்டினான், லேசாக ஓர் அடி வைத்தான் என்பது மாதிரி விவகாரம் என்றால், ஆளை ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம் வரை உட்கார வைக்கலாம். இதுவரை பரவாயில்லை. கோபம் தணிய ஒரு ராத்திரி. ஆனால் அதே வாக்கியம் அங்கே நிற்காது. குற்றம் செய்தவர் 'தாழ்ந்த சாதி' என்றால் அவரை 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம்.

தொழுமரம் என்றால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஓட்டை போட்டு, அதில் காலை நுழைத்துப் பூட்டி, ஊர் பார்க்க உட்கார வைப்பது. ஒரே திட்டு. ஒருவருக்குச் சாவடி நிழல், இன்னொருவருக்குக் கட்டை. சாதி பார்ப்பது ஊர் வழக்கம், சர்க்கார் அதில் தலையிடவில்லை என்று நாம் சில சமயம் வெள்ளைக்காரனுக்குச் சர்டிபிகேட் கொடுப்பதுண்டு. இது தலையிடாமல் இருந்தது இல்லை. அச்சடித்து, நம்பர் போட்டு, தண்டனைப் பட்டியலிலேயே சாதிக்கு ஓர் இடம் ஒதுக்கியது.

அதற்கு மேல் படியில் மாஜிஸ்திரேட்டுகள். 1898-ம் வருஷத்துக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் மூன்று கிளாஸ். நம் ரயில் மாதிரியே. முதல் கிளாஸ் மாஜிஸ்திரேட் 2 வருஷம் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் வரை போகலாம். இரண்டாம் கிளாஸுக்கு 6 மாதம், 200 ரூபாய். மூன்றாம் கிளாஸுக்கு 1 மாதம், 50 ரூபாய். இவர்களில் பலர் தனி நீதிபதிகள் இல்லை. ரெவின்யூ அதிகாரிகள். தாசில்தார் காலையில் வரிக் கணக்குப் பார்ப்பார், மத்தியானம் வழக்குக் கேட்பார். கலெக்டரே ஜில்லா மாஜிஸ்திரேட். போலீஸுக்கும் அவர்தான் மேலே, தண்டனைக்கும் அவர்தான் மேலே. இந்தக் கூட்டுக் குடித்தனத்தை நாடு முழுக்கச் சட்டப்படி பிரித்து வைத்தது 1974 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த புதிய விசாரணை முறைச் சட்டம்தான்.

இவர்கள் போதாதென்று ஆனரரி மாஜிஸ்திரேட்டுகள். சம்பளம் கிடையாது, சட்டப் படிப்பும் தேவையில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு மூன்று பேர் பெஞ்சாக உட்கார்ந்து சில்லறைக் கேஸ்களை முடித்துவிடுவார்கள். சர்க்காருக்குச் செலவு மிச்சம், பெரிய மனிதருக்கு கௌரவம். நடுவில் நிற்கிறவனைப் பற்றி யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்த மெஷினின் இன்ஜினுக்கு வருவோம். 'சம்மரி டிரயல்' என்று பெயர். சுருக்க விசாரணை. 6 மாதத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்கள், 50 ரூபாய்க்குள் திருட்டு மாதிரி வழக்குகளை இதில் போடலாம். சிறை என்றால் 3 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அப்பீல் இல்லாத வழக்கு என்றால் மாஜிஸ்திரேட் சாட்சி சொன்னதை எழுத வேண்டாம், முறையான குற்றச்சாட்டு தயாரிக்க வேண்டாம். ஒரு ரிஜிஸ்டரில் பத்துக் கட்டங்களை நிரப்பினால் போதும். வரிசை எண், குற்றம் நடந்த தேதி, புகார் வந்த தேதி, புகார் செய்தவர், குற்றவாளியின் பெயர்-தகப்பனார் பெயர்-விலாசம், குற்றம், அவர் சொன்ன பதில், முடிவு, தண்டனை, முடிந்த தேதி. தண்டித்தால் முடிவுக் கட்டத்தில் காரணத்தைச் சுருக்கமாக எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த ரிஜிஸ்டரைப் பார்த்ததும் புரிந்துவிடும். இது டே புக். ஒரு மனிதனின் மூன்று மாதம் ஒரே என்ட்ரியில் முடிந்துவிடும். பின்னால் ஆடிட் செய்ய வவுச்சர் கிடையாது.

வேகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்திருந்தாலாவது பரவாயில்லை. வெள்ளைக்காரர் குற்றவாளி என்றால் இந்த மெஷின் ரொம்ப மரியாதையாக மெதுவாகிவிடும். ஜில்லாவில் இந்திய மாஜிஸ்திரேட்டுகளும் வெள்ளைக்காரரை விசாரிக்கலாம் என்று 1883-ல் இல்பர்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். கூட்டம், கண்டனம், சந்தா வசூல், சகலமும் நடந்தது. கடைசியில் 1884-ல் ஒரு சமரசம். வெள்ளைக்காரர் கேட்டால், பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ உள்ள ஜூரி வைத்துத்தான் அவரை விசாரிக்க வேண்டும். நம் ஆளுக்குப் பத்துக் கட்டம், அவருக்கு ஜூரி!

அபராதம், சிறை போக மூன்றாவது ஐட்டம் ஒன்றும் இருந்தது. கசையடி. 1864-ல் இதற்கென்றே தனிச் சட்டம், பிறகு 1909-ல் இன்னொன்று. விசாரணை முறைச் சட்டத்தில் இதற்கு விதிகள் வேறு. 30 அடிக்கு மேல் போகக் கூடாது. 16 வயதுக்கு உட்பட்டவருக்கு 15-க்கு மேல் கூடாது. பெண்களுக்குக் கிடையாது. 45 வயது தாண்டிய ஆண்களுக்குக் கிடையாது. நான் இரண்டு தடவை படித்துப் பார்த்த விதி ஒன்று உண்டு: கசையடியைத் தவணை முறையில் நிறைவேற்றக் கூடாது! ஃப்ரிட்ஜ், கிரைண்டர், டிவி எல்லாம் தவணையில் வாங்கிப் பழகிய நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். இன்றைக்குப் பத்து, அது ஆறுவதற்குள் அடுத்த வாரம் பத்து என்று அடிக்கக் கூடிய ஆட்கள் இருந்திருப்பார்கள் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த விதியே.

1921-ல் காசியில் ஒத்துழையாமை இயக்கத்தில் பிடிபட்ட 15 வயதுப் பையன் ஒருவன் மாஜிஸ்திரேட் முன்னால் நின்றான். ரிஜிஸ்டர் கேட்கும் அதே மூன்று கேள்விகள். பெயர்? 'ஆசாத்', அதாவது விடுதலையானவன். தகப்பனார் பெயர்? சுதந்திரம். விலாசம்? ஜெயில். கட்டத்தை நிரப்பிவிட்டான் என்று சொல்வார்கள். கிடைத்தது 15 கசையடி, அவன் வயதுக்கு உச்சவரம்பு. சந்திரசேகர் ஆசாத் என்ற பெயர் அன்றைக்கு நிலைத்தது. கசையடியைச் சுதந்திர இந்தியா 1955-ல் தனிச் சட்டம் போட்டு ஒழித்தது.

தொழுமரம் போனது. கசை போனது. ஆனரரி பெஞ்ச் போனது. ஆனால் மெஷினின் ஒரு பல்சக்கரம் மட்டும் அன்று போலவே எண்ணெய் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் 'ஆமாம்'.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் சாட்சி வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம், அங்கேயே தண்டனை. அப்பீலும் தண்டனையின் அளவு பற்றி, அது சட்டப்படி சரியா என்பது பற்றி மட்டும்தான் போகலாம். 'நான் செய்யவே இல்லை' என்று பிறகு சொல்ல வழி இல்லை. 1973 சட்டத்தில் இன்னும் ஒரு சலுகை. அபராதம் மட்டுமே உள்ள சின்னக் குற்றம் என்றால் கோர்ட்டுக்கே வர வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கடிதமும் பணமும் அனுப்பிவிட்டால் போதும், வீட்டில் இருந்தபடியே குற்றவாளி ஆகலாம். குற்றம் செய்யவில்லை என்கிறவருக்கு இந்தத் தபால் வசதி கிடையாது. அவர் பஸ் பிடித்து வந்துதான் ஆக வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் நேரில் பார்த்தேன்.

2014-ல் சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்டாக இருந்தேன். ஆபீஸ் வாசலில் ஒரு தள்ளுவண்டி. சாயங்காலம் பஜ்ஜி, போண்டா, சுண்டல். எங்கள் செக்ஷன் முழுக்க அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடும். மாசக் கடைசியில் எங்களுக்குக் கடன் சொல்லும் உரிமை உண்டு என்பதால் மரியாதை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

ஒருநாள் ஏட்டு ஒருவர் வந்தார். சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ரொம்ப சிநேகமாகச் சொன்னார். "அண்ணே, புதன்கிழமை கோர்ட்டுக்கு வந்துடுங்க. ஒரு கேஸ் எழுதியிருக்கோம்."

"போன தடவையும் நான்தானே சார் வந்தேன்? பழக்கடைக்காரரைக் கூப்பிடக் கூடாதா?"

"அவர் அடுத்த மாசம்."

ஏலச்சீட்டில் யாருக்கு எந்த மாசம் என்று பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு. கேஸ் என்னவென்றால், பொதுப் பாதையில் இடைஞ்சல். இ.பி.கோ. 283. அபராதம் 200 ரூபாய் வரை. நான் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். குற்றம் நடந்ததாகப் போட்டிருந்த தேதியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று ஆபீஸில் எங்களுக்கு பஜ்ஜியே கிடைக்கவில்லை. அண்ணன் மச்சினர் இறந்து போய் மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தார். வண்டி அவர் வீட்டு வாசலில் கவிழ்த்துப் போட்டுக் கிடந்தது.

"அண்ணே, இதைச் சொல்லுங்க. ஊர்லயே இல்லைன்னு சொல்லுங்க. பஸ் டிக்கெட் இருக்கா? நான் வேணா வந்து சாட்சி சொல்றேன்."

அண்ணன் கரண்டியால் எண்ணெயைக் கிளறிக்கொண்டே என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க பி.காம்.தானே? இந்தக் கணக்கைப் போடுங்க. ஆமான்னு சொன்னா இருநூறு. அரைநாள் வியாபாரம் போச்சு, அது ஒரு இருநூறு. பஸ்ஸுக்கு இருபது. ஆச்சு, சாயங்காலம் கடையைப் போட்டுடுவேன். இல்லைன்னு சொன்னா? வாய்தா போடுவாங்க. வக்கீல் வைக்கணும். அவரு ஆயிரத்து ஐந்நூறுக்குக் கம்மியா கோட்டு மாட்ட மாட்டாரு. நாலு தடவை போகணும், நாலு அரைநாள். அப்புறம் ஏட்டய்யா மூஞ்சியை நான் தினம் பாக்கணும்ல?"

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். குற்றவாளி என்றால் 420 ரூபாய். (தற்செயல்தான், பிரிவு எண் இல்லை!) நிரபராதி என்றால் குறைந்தது 2,380 ரூபாய். அதிலும் ஏட்டய்யா முகம் என்பது பேலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' மாதிரி. மதிப்புப் போட முடியாது, ஆனால் அதை விட்டுவிட்டுக் கடை நடத்த முடியாது. எந்த ஆடிட்டரிடம் கொடுத்தாலும் குற்றவாளியாக இருப்பதுதான் லாபம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். வராந்தாவில் ஒரு முப்பது பேர். முகத்தில் பயம் இல்லை, கோபம் இல்லை. ரேஷன் கடை கியூ முகம். உள்ளே கூப்பிட ஆரம்பித்ததும் மளமளவென்று நகர்ந்தது. இரண்டு பேருக்கு 'கோர்ட் கலையும் வரை' தண்டனை. அதாவது சாயங்காலம் கோர்ட் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அபராதம்.

அண்ணன் பெயர் வந்தது. தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றார்.

"ரோட்ல வண்டி போட்டு இடைஞ்சல் பண்ணியிருக்கீங்க. ஒத்துக்கறீங்களா?"

அண்ணன் ஒரு விநாடி யோசித்தார். பிறகு சொன்னார்: "அப்படியே வெச்சுக்குங்க, ஐயா."

"இருநூறு."

முடிந்தது. என் வாட்ச்சில் முப்பது விநாடிகூட ஆகவில்லை. பணம் கட்டப் போனபோது மேஜை மேல் இருந்த தாளைப் பார்த்தேன். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று முன்கூட்டியே டைப் செய்திருந்தது. எல்லார் தாளிலும் அதே வரி.

அண்ணன் அப்படியா சொன்னார்? 'அப்படியே வெச்சுக்குங்க' என்பது ஒப்புதல் இல்லை. பேரம் படியாத கடைக்காரர் கடைசியில் சரி, எடுத்துக்கிட்டுப் போ என்பாரே, அந்தச் 'சரி'. தமிழ் தெரிந்த யாருக்கும் இந்த வித்தியாசம் புரியும்.

பிற்பாடு சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வித்தியாசம் வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது! 1898 சட்டத்தின் 243-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டால், அதை முடிந்தவரை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே பதிவு செய்ய வேண்டும். அவர் வார்த்தைகளில். குமாஸ்தாவின் வார்த்தைகளில் இல்லை. 1973 சட்டத்தில் 252-வது பிரிவாக இதே வரி தொடர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்திலும் இது இருக்கிறது. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1965-லேயே சுப்ரீம் கோர்ட் அடித்துச் சொல்லிவிட்டது: இந்த விதி ஒப்புக்கு இல்லை, கட்டாயம். மீறினால் விசாரணையே செல்லாது.

ஆக, விதி இருக்கிறது. அதைக் கேட்க ஆள் இல்லை. கேட்பதற்கு ஆகும் செலவு 200 ரூபாயை விட அதிகம்.

ஒரே ஒரு தடவை இந்த 'ஆமாம்' அந்த மெஷினையே மடக்கிப் போட்டது. 1917 ஏப்ரல் 18. பீகாரில் சம்பாரன் ஜில்லா, மோதிஹாரி கோர்ட். அவுரி விவசாயிகளின் கஷ்டத்தை விசாரிக்க வந்த காந்தியை ஜில்லாவை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு. அவர் போகவில்லை. உத்தரவை மீறிய குற்றம், சின்னக் குற்றம்தான். அரசு வக்கீல் வாய்தா கேட்டார். காந்தி எழுந்து, வாய்தா எதற்கு, நான் மீறியது உண்மை, ஏன் மீறினேன் என்பதையும் சொல்கிறேன் என்று எழுதி வைத்ததை வாசித்தார். தண்டனையைக் குறைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

மாஜிஸ்திரேட்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தீர்ப்பைத் தள்ளி வைத்தார். ஜாமீனுக்கு 100 ரூபாய் கட்டச் சொன்னார். காந்தி அதுவும் முடியாது என்றார். சும்மாவே அனுப்பி வைத்தார். தண்டனை சொல்லும் நாள் வருவதற்குள் மேலிடத்திலிருந்து வழக்கு வாபஸ். பயந்து சொல்கிற 'ஆமாம்' வரும் என்று நம்பிக் கட்டிய மெஷின். பயம் இல்லாத ஒரு 'ஆமாம்', கூடவே அவர் சொந்த வார்த்தைகளில் ஒரு பாராவும் சேர்ந்து வந்ததும் பல்சக்கரம் நின்றுவிட்டது.

எல்லோரும் காந்தி ஆக முடியாது. பஜ்ஜி போடுகிறவருக்குச் சாயங்காலம் அடுப்பு மூட்ட வேண்டும். அதனால்தான் சட்டம் மாறியபோது ஆவலாகப் பார்த்தேன். நல்லது இருக்கிறது. குடித்துவிட்டுக் கலாட்டா, முதல் தடவையாக 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டது மாதிரி சில குற்றங்களுக்கு 'சமூக சேவை' என்று ஒரு தண்டனை வந்திருக்கிறது. கூலி இல்லாமல் ஊருக்கு உபயோகமாக ஒரு வேலை. காசு இல்லாதவன் உள்ளே போகாமல் கணக்கைத் தீர்க்க இது ஒரு வழி. பழைய ரேட் கார்டும் மாறிவிட்டது. 50 ரூபாய்க்கு இருந்த 2 மாத உச்சவரம்பு இப்போது 5,000 ரூபாய் வரை. 100-க்கு இருந்த 4 மாதம் 10,000 வரை.

கூடவே இன்னொன்றும் மாறியிருக்கிறது. குடிகாரரின் 10 ரூபாய் 1,000 ஆகிவிட்டது. பொதுப் பாதை இடைஞ்சலுக்கு 200 ரூபாயாக இருந்த மேல்வரம்பு 5,000 ஆகிவிட்டது. மேல்வரம்புதான், எல்லோருக்கும் அவ்வளவு போட வேண்டும் என்று இல்லை. ஆனால் 'போனால் போகிறது, கட்டிவிடலாம்' என்று தள்ளுவண்டிக்காரர்கள் மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு இனிமேல் செல்லாது. 'ஆமாம்' சொல்வதன் விலை ஏறுகிறது. 'இல்லை' சொல்வதன் விலை இறங்கவில்லை.

அபராதத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ரோட்டை அடைத்துக் கடை போட்டால் நடக்கிறவன் எங்கே போவான், சார்? குற்றம் நடந்திருந்தால் தண்டனை இருக்கட்டும். எனக்கு வேண்டியது அந்த ஏழாவது கட்டம். 'அவர் சொன்ன பதில்' என்று இருக்கிறதே, அது. அதில் அவர் சொன்னதையே எழுதட்டும். 'ஊர்லயே இல்லீங்க, ஆனா கட்டிடறேன்' என்றால் அப்படியே. 'மாசா மாசம் ஒருத்தர் வரணுமாம், இந்த மாசம் நான்' என்றால் அதையும் அப்படியே. இப்படி எழுதிய பிறகு அதற்குக் கீழே 'குற்றவாளி' என்று எழுதப் பேனா கொஞ்சமாவது தயங்கும்.

1898-ல் குமாஸ்தா தொட்டு எழுதும் பேனாவால், பத்துக் கட்டத்தை வரிசையாக நிரப்ப வேண்டியிருந்தது. அவசரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. இப்போது கோர்ட்டுகளில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. முப்பது பேர் சொன்னதை முப்பது விதமாக அடிக்க, ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தாலும், அரை மணி நேரம் கூடுதலாகும். லஞ்ச் கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்.